பேதி வைரஸ் ஆய்வில் இறங்குகிறவர்களுக்கு: வார்டிலிருந்து சீக்வென்ஸ் வரை

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி மாணவர்கள், பொதுச் சுகாதாரம் படிப்பவர்கள், கோவிட் காலத்தில் வாங்கிய பிசிஆர் மெஷின் சும்மா நிற்கிறதே என்று யோசிக்கும் மாவட்ட மருத்துவமனை லேப் ஆட்கள், எல்லோரும் இந்தத் துறைக்குள் வரும்போது கேட்கும் முதல் கேள்வி "எந்த கிட் வாங்கணும்?" என்பதுதான். கிட்டை அப்புறம் பார்ப்போம். வைரஸைக் கண்டுபிடிப்பது இன்றைக்குப் பெரிய கஷ்டமே இல்லை. நல்ல பிசிஆர் வைத்துத் தேடினால் நோயே இல்லாமல் ஓடி விளையாடும் குழந்தையின் மலத்திலும் ஏதாவது ஒரு வைரஸ் அடிக்கடி கிடைக்கும். கிடைத்த அந்த வைரஸ்தான் பேதிக்குக் காரணம் என்று சொல்ல வரும்போதுதான் சிக்கல். அதைச் சொல்வதற்கான வேலை மாதிரி எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, அதனால் இந்தக் கட்டுரையிலும் கிட் நடுவில்தான் வரும்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முக்கியமானவை ஐந்து: ரோட்டா, நோரோ, சப்போ, ஆஸ்ட்ரோ, அடினோவில் 40, 41 என்ற இரண்டு வகைகள். நோரோவின் கதை 1968இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரின் பள்ளியில் பரவிய வாந்தியிலிருந்து தொடங்குகிறது. அந்த மாதிரியோடு, நோயிலிருந்து மீண்டவரின் சீரத்தைக் கலந்து, துகள்களை ஒன்றாகத் திரளவைத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் 1972இல் காட்டியவர் ஆல்பர்ட் கபிக்கியன். அடுத்த வருடமே மெல்பர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவும் பேதிக் குழந்தைகளின் சிறுகுடல் திசுவில் ரோட்டாவைப் பார்த்துவிட்டார்கள். சக்கரம் போல இருந்ததால் அந்தப் பெயர்.

வரலாற்றைவிட அவற்றின் உடல்வாகு உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் லேபில் செய்வது எல்லாம் அதைப் பொறுத்துத்தான். ரோட்டாவிடம் இருப்பது இரட்டை இழை ஆர்.என்.ஏ., 11 துண்டுகளாக. நோரோ, சப்போ, ஆஸ்ட்ரோ மூன்றும் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அடினோ டி.என்.ஏ. வைரஸ், அதற்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் படி) தேவையே இல்லை. ரோட்டா பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளான குழந்தைகளைப் படுக்கையில் தள்ளும். நோரோ வயது பார்க்காது, வாந்தியோடு வரும், மிகக் குறைந்த அளவு வைரஸே தொற்றப் போதும், நோய் இரண்டு மூன்று நாளில் போனாலும் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தலைவலி தரப்போவது அதுதான்.

இந்தியத் தரவுகளைப் படிக்கும்போது எந்த வருடத்து மாதிரி என்று முதலில் பாருங்கள். 2005 கடைசியில் தொடங்கி ஏழு பகுதிகளில் பத்து மருத்துவமனைகளில் நடந்த கண்காணிப்பில், பேதிக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 39% பேரிடம் ரோட்டா இருந்தது. 2016இல் ஆந்திரா, ஹரியானா, இமாச்சல், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் தடுப்பு மருந்து வந்தது, தமிழ்நாட்டுக்கு 2017இல். அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே அட்டவணையில் போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் தீசிஸ்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"எங்கள் ஊர்க் குழந்தைகளிடையே பேதி வைரஸ்கள்" என்பது தலைப்பு. கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: பேதிக்காக வார்டில் சேரும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எத்தனை சதவீதம் பேரிடம் ரோட்டா இருக்கிறது? அல்லது: ரோட்டா மருந்து முழுதாகப் போட்ட குழந்தைக்கு, போடாத குழந்தையைவிட ரோட்டா பேதியால் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு குறைவு? அல்லது: நோரோ எங்கள் பகுதியில் நிஜமாகவே நோய் தருகிறதா, சும்மா வந்து போகிறதா? மூன்றுக்கும் மாதிரி ஒன்றுதான், மலம்தான், ஆனால் யாரிடம் எடுப்பது என்பது அடியோடு மாறும். முதல் கேள்விக்கு நோயாளிகள் மட்டும் போதும். இரண்டாவதற்குப் பேதியோடு வந்தவர்களிலேயே ரோட்டா பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரித்து இரு பக்கமும் தடுப்பூசி நிலையை ஒப்பிடலாம். மூன்றாவதற்குப் பேதி இல்லாத குழந்தைகளின் மலமும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைத் தொடவே கூடாது.

எத்தனை மாதிரி என்று கேட்டால் பலர் "போன வருஷம் சீனியர் நூறு எடுத்தாங்க, நானும் நூறு" என்கிறார்கள். கணக்குப் போடுவது பெரிய விஷயம் இல்லை. 30% பாசிட்டிவ் எதிர்பார்க்கிறீர்கள், விடை கூடக்குறைய 5 புள்ளிக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.96இன் வர்க்கத்தை 0.3, 0.7 இரண்டாலும் பெருக்கி, 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 323 வரும். நோரோ 10% இருக்கும், 3 புள்ளிக்குள் வேண்டும் என்றால் 385. மாதிரி தராமலேயே டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்களுக்காக மேலே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலம்: பன்னிரண்டு மாதம், அல்லது அதன் மடங்கு. வட இந்தியாவில் ரோட்டா டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தூக்கலாக இருக்கும், தெற்கே அந்த ஏற்ற இறக்கம் அவ்வளவு தெளிவாக இருக்காது, வருடம் முழுக்க வந்துகொண்டிருக்கும். ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிக்கும் ஆய்வு எந்த வைரஸுக்கு எதிராகவும் சாதகமாகவும் சாய்ந்துபோகலாம். புராஜெக்ட் காலமே ஆறு மாதம்தான் என்கிறவர்கள், பழைய சேமிப்பு மாதிரிகளை வைத்து வேலை செய்ய கைடிடம் கேட்டுப் பாருங்கள், அதுதான் நேர்மையான வழி.

யாரை நோயாளி என்று எடுப்பது

24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போவது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை இதுதான், மாற்றாதீர்கள், மாற்றினால் உங்கள் எண்ணை வேறு யாருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. 14 நாளுக்கு மேல் நீடித்தால் அது வேறு கணக்கு. மலத்தில் இரத்தம் இருந்தால் ஷிகெல்லா போன்ற பாக்டீரியா பக்கம் சந்தேகம் போகும்; அவர்களைச் சேர்க்கிறீர்களா விடுகிறீர்களா என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். வாந்தி மட்டும் இருந்து பேதி இல்லாத குழந்தைகளை விட்டுவிட்டால் நோரோவில் ஒரு பங்கு கையை விட்டுப் போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

வரையறை காகிதத்தில் சுலபம், தாய்மார்களிடம் கேட்கும்போது அப்படி இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை இளக்கமாகப் போவது இயல்பு, அதனால் அந்த வயதில் "வழக்கத்தைவிட அதிகமா, தண்ணியா போகுதா?" என்று கேட்க வேண்டும். "பல்லு முளைக்குது, அதான் போகுது" என்று சொல்லி இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்காத பாட்டிகள் உண்டு. சிலர் குடலேற்றம் என்பார்கள், தட்டி எடுக்க ஆள் தேடிப் போய்விட்டு அப்புறம்தான் வார்டுக்கு வந்திருப்பார்கள். படிவத்தில் "வயிற்றுப்போக்கு தொடங்கிய நாள்" என்று ஒரு கட்டம் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். போன வெள்ளிக்கிழமை எப்படி இருந்தது, அதற்கு முந்தின நாள் எப்படி என்று பின்னோக்கிக் கேட்டுப் போனால்தான் சரியான நாள் கிடைக்கும். நாள் தப்பினால் தீவிரக் கணக்கும் தப்பும்.

தீவிரத்தை அளக்க வெசிகாரி மதிப்பெண் முறையைப் பயன்படுத்துங்கள். பின்லாந்தின் டிமோ வெசிகாரி பெயரில் வழங்குவது. பேதி எத்தனை நாள், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை, வாந்திக்கும் அதே இரண்டு கேள்வி, காய்ச்சல், நீரிழப்பு, சிகிச்சை என ஏழு விஷயம், மொத்தம் 20 புள்ளி, 11 தாண்டினால் (11உம் சேர்த்துத்தான்) தீவிரம். கிளார்க் முறை என்று 24 புள்ளிக்கு இன்னொன்று இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தடுப்பூசி விவரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ரோட்டாவாக் என்ற ரோட்டா தடுப்பு மருந்து வாயில் விடும் ஐந்து சொட்டு, 6, 10, 14ஆவது வாரங்களில். போலியோவும் சொட்டு மருந்து, அதே வாரங்களில்தான். "சொட்டு மருந்து போட்டாச்சா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், எதைச் சொல்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியாது அவர்களுக்கும் தெரியாது. அட்டையைக் கேளுங்கள், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேதியும் பிராண்டும் படிவத்தில் ஏறட்டும். அட்டை இல்லாதவர்களை "தெரியவில்லை" என்றே பதியுங்கள், "போடவில்லை" என்று அல்ல.

நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒரு டப்பாவைக்கூட வாங்காதீர்கள். ஒப்புதல் படிவம் தமிழில், வாசித்தால் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் கைநாட்டு. மீதி மாதிரியைப் பிற்காலத்தில் வேறு சோதனைக்குப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். அப்புறம், நீங்கள் கேள்வி கேட்கப் போன வீட்டில் குழந்தை துவண்டு கிடந்தால் படிவத்தை மூடிவைத்துவிட்டு ஓ.ஆர்.எஸ். கரைக்க ஆரம்பியுங்கள், 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மாதிரி

முழு மலம்தான் வேண்டும், ஏறக்குறைய 5 மில்லி. ஸ்வாப் கடைசி வழி, அதில் வைரஸ் அளவு குறைவு, மீண்டும் சோதிக்க மிச்சமும் இருக்காது. வார்டில் சேர்த்த 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இதில் இரண்டு லாபம்: நோயின் முதல் நாட்களில்தான் வைரஸ் அதிகம், அதோடு வார்டுக்குள்ளேயே பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒட்டிக்கொண்ட தொற்றை ஊரிலிருந்து கொண்டுவந்ததாக எண்ணும் தவறும் குறையும்.

டயப்பர் பெரிய தொல்லை. தண்ணீராகப் போவதை உள்ளே இருக்கும் ஜெல் உறிஞ்சிவிடும், சுரண்டினால் ஒன்றும் வராது. டயப்பரை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிக் கட்டலாம், அல்லது உள்ளே சுத்தமான பிளாஸ்டிக் தாள் விரிக்கலாம். இதை நர்ஸக்காவிடம் முதல் நாளே சொல்லி, ஏன் என்றும் சொன்னால் வேலை நடக்கும். நைட் டியூட்டியில் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், குழந்தைகள் ஆபீஸ் நேரம் பார்த்துப் போவதில்லை.

எடுத்ததை 2 முதல் 8 டிகிரியில் வைத்து அன்றே லேபுக்குக் கொண்டுபோங்கள். ஃபார்மலின் போன்ற எதையும் ஊற்றாதீர்கள், பிசிஆர் கெட்டுப்போகும். லேபில் மூன்று குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 70இல் வையுங்கள். ஒன்று வேலைக்கு, ஒன்று மறுசோதனைக்கு, ஒன்று தொடவே தொடாமல். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் ஆர்.என்.ஏ. சிதையும். லேபிள் ஃப்ரீசரைத் தாங்குவதாக இருக்க வேண்டும், பால்பாயிண்ட் பேனா எழுத்து ஒரு வருடத்தில் அழிந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை. மல மாதிரி என்பது போலியோ வைரஸ் இருக்க வாய்ப்புள்ள பொருளும்கூட. போலியோவின் காட்டு வகை 2 ஒழிந்ததாக 2015இல் அறிவிக்கப்பட்டது, 2016 ஏப்ரலில் சொட்டு மருந்திலிருந்தும் வகை 2ஐ நீக்கினார்கள். அதற்கு முன் எடுத்த மலம் உங்கள் ஃப்ரீசரில் தூங்கிக்கொண்டிருந்தால், அதை எப்படிக் கையாள்வது என்று உலக சுகாதார நிறுவனம் தனி வழிமுறையே வெளியிட்டிருக்கிறது. பழைய சேமிப்பை வைத்து வேலை செய்யும் முன் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் பேசிவிடுங்கள்.

இப்போது கிட்

ரோட்டாவுக்கு மட்டும் விடை வேண்டுமென்றால் எலைசா (வைரஸின் புரதத்தை ஆன்டிபாடியால் பிடிக்கும் சோதனை) போதும். வைரஸின் நடு உறையில் இருக்கும் விபி6 என்ற புரதத்தை அது பிடிக்கிறது. விலை கட்டுப்படியாகும், நம்பகம் நல்லது, உலகம் முழுக்கக் கண்காணிப்பில் இதையே பயன்படுத்துவதால் ஒப்பிடவும் வசதி. எலைசாவின் உணர்திறன் பிசிஆரைவிடக் குறைவு என்பதைக் குறையாகச் சொல்வார்கள். நோயின் காரணத்தைத் தேடும்போது அது பாதி வரம்; மிகக் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும் வைரஸை அது பொருட்படுத்தாமல் விட்டுவிடும்.

பணமே இல்லாத லேபுக்குப் பழைய முறை ஒன்று உண்டு: ஆர்.என்.ஏ.வைப் பிரித்து பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டி வெள்ளிச் சாயம் ஏற்றுவது. ரோட்டா ஏ பிரிவு என்றால் 11 துண்டும் 4-2-3-2 என்று கொத்துக் கொத்தாக நிற்கும், வேறு எதையும் அதோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை. வைரஸ் நிறைய இருந்தால்தான் தெரியும், ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட அழகான சோதனை கிடையாது. ஒரு முறையாவது செய்து பாருங்கள்.

நோரோவுக்கு எலைசாவை நம்பாதீர்கள். ஒரு ஆளின் நெகட்டிவ் முடிவுக்கு அங்கே மதிப்பு குறைவு. ரியல்டைம் ஆர்டி-பிசிஆர்தான் வழி, வைரஸின் முதல் இரண்டு திறந்த வாசிப்புச் சட்டகங்கள் சந்திக்கும் இடத்தைக் குறிவைப்பது, ஏனென்றால் மாறிக்கொண்டே இருக்கும் நோரோவில் அதிகம் மாறாத இடம் அது. ஜிஐ, ஜிஐஐ என்ற இரண்டு பிரிவுக்கும் தனித்தனி ப்ரைமரும் ப்ரோபும் (வைரஸின் குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) வேண்டும்.

செய்முறையில் பிசகும் இடங்கள்: மலத்தை பிபிஎஸ் கரைசலில் 10% கலவையாக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேல் தெளிவை மட்டும் எடுங்கள். மலத்தில் இருக்கும் பித்த உப்புகளும் சிக்கலான சர்க்கரைகளும் பிசிஆரை முடக்கிவிடும், அப்போது வரும் நெகட்டிவ் பொய். அதைப் பிடிக்க ஒவ்வொரு மாதிரியிலும் பிரித்தெடுக்கும் முன்பே எம்எஸ்2 பேஜ் (பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்) போன்ற ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அது வரவில்லை என்றால் அந்த மாதிரிக்கு விடை இல்லை என்று அர்த்தம், ஆர்.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். ரோட்டாவுக்குக் கூடுதலாக ஒரு படி: இரட்டை இழையை 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சுட்டுப் பிரித்து, உடனே ஐஸில் வைத்த பிறகுதான் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன். இதை விட்டுவிட்டு "ப்ரைமர் சரியில்லை" என்று கம்பெனிக்கு மெயில் போடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

அடினோவுக்குப் பொதுவான ப்ரைமர் வாங்கிவிட்டால் சளி இருமலில் வரும் வகைகளும் சேர்ந்து விழும். 40, 41க்கே உரிய ப்ரைமரைத் தேடுங்கள்.

கலப்படம் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. ரோட்டா பேதியின் ஒரு கிராம் மலத்தில் பத்தாயிரம் கோடி வரை வைரஸ் துகள்கள் இருக்கலாம். ஒரு மூடியைத் திறக்கும்போது தெறிக்கும் துளி பத்து மாதிரியைப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். மாஸ்டர் மிக்ஸ் கலக்க ஓர் அறை, பிரித்தெடுக்க ஓர் அறை, பெருக்கத்துக்கு ஓர் அறை, ஒரே திசையில் நடை. திரும்பி வருகிறீர்கள் என்றால் கோட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் வெறும் தண்ணீரைப் பிரித்தெடுப்பிலிருந்தே சேர்த்து ஓட்டுங்கள். அந்தத் தண்ணீர் பாசிட்டிவ் ஆனால் அன்றைய முடிவு மொத்தமும் குப்பைக்கு, பேரம் பேசாதீர்கள். மேசையைத் துடைக்கவும் கையைச் சுத்தப்படுத்தவும் ஸ்பிரிட் சானிடைசர் போதும் என்று நினைக்க வேண்டாம், நோரோ அதற்கு அவ்வளவாக மசியாது. மேசைக்கு பிளீச், கைக்கு சோப்பும் தண்ணீரும்.

பாசிட்டிவ் வந்துவிட்டது, அப்புறம்?

வேலூர் சிஎம்சியில் ககன்தீப் காங் குழுவினர் நகரின் குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை பின்தொடர்ந்து, பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலம் எடுத்துப் பார்த்தார்கள். 2011இல் வந்த அந்த முடிவுகளில் இருந்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் கற்க வேண்டியது நிறைய. கண்டுபிடித்த ரோட்டா தொற்றுகளில் ஏறக்குறைய 30% மட்டுமே முதல் தொற்று, மீதி எல்லாம் மறுதொற்று. மெக்சிகோவில் 1996இல் வெளிவந்த இதேபோன்ற ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைகளில் யாருக்கும் அடுத்த முறை கடுமையான பேதி வரவில்லை. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் மிதமான, கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79%தான். வைரஸ் திரும்பத் திரும்ப வந்துபோகும் இப்படிப்பட்ட ஊரில், ஒரு நாள் எடுத்த மலத்தில் வைரஸ் இருந்தது என்பது மட்டும் என்ன சொல்லிவிடும்?

இதனால்தான் கட்டுப்பாட்டுக் குழு. 2007இலிருந்து 2011 வரை ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு இடங்களில் நடந்த ஜெம்ஸ் ஆய்வு (கொல்கத்தா அதில் ஒன்று) 9,439 பேதிக் குழந்தைகளை எடுத்தது என்றால், பேதி இல்லாத 13,129 குழந்தைகளையும் எடுத்தது. அதே பகுதி, அதே வயதுப் பிரிவு, அதே பாலினம், அதே இரண்டு வாரக் காலம். ரோட்டா அங்கே நோயாளிகளிடம் தெளிவாகத் தூக்கி நின்றது. நோரோவோ பல இடங்களில் நலமாக இருந்த குழந்தைகளிடமும் தாராளமாகக் கிடைத்தது. நோய் போன பிறகும் வாரக்கணக்கில் வெளியேறும் என்று மேலே சொன்னேனே, அதன் விளைவு.

கணக்கு எப்படிப் போடுவது? கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு. நோயாளிகளில் 20% பேரிடம் நோரோ, கட்டுப்பாட்டுக் குழுவில் 12%. ஆட்ஸ் விகிதம், அதாவது 20/80ஐ 12/88ஆல் வகுத்தது, சுமார் 1.83. ஒன்றிலிருந்து அதன் தலைகீழைக் கழித்தால் 0.45, அதை 20ஆல் பெருக்கினால் 9. ஆக, "பேதியில் 20% நோரோவால்" என்று எழுதியிருப்பீர்கள், நியாயமாக எழுத வேண்டியது 9%. பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. கட்டுப்பாட்டுக் குழு இல்லாத ஆய்வு என்றால் "காணப்பட்டது" என்ற சொல்லோடு நின்றுகொள்ளுங்கள், "காரணம்" பக்கம் போகாதீர்கள்.

சிடி மதிப்பும் (பிசிஆரில் எத்தனையாவது சுற்றில் சிக்னல் தெரிந்தது என்ற எண்) கைகொடுக்கும். அது குறையக் குறைய வைரஸ் அதிகம், 3.3 வித்தியாசம் என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு. நோயாளிகளிடம் ரோட்டா பெரும்பாலும் தாழ்ந்த சிடியில் வரும், 35ஐத் தாண்டி முனகிக்கொண்டு வருவது பழைய தொற்றின் மிச்சமாக இருக்கலாம். ஜெம்ஸ் மாதிரிகளை 2016இல் அளவு பார்க்கும் பிசிஆரில் மறுபடி ஓட்டியபோது அடினோ 40, 41இன் பங்கு முதலில் கணித்ததைப் போல ஐந்து மடங்கு ஆனது. ஆனால் இன்னொரு லேபின் சிடி எல்லையை அப்படியே எடுத்து உங்கள் மாதிரிக்கு ஒட்டவைக்காதீர்கள். எவ்வளவு மலம் எடுத்தீர்கள், எத்தனை மைக்ரோலிட்டரில் கரைத்தீர்கள், எந்த மெஷின் என்பதெல்லாம் மாறினால் சிடியும் மாறும். உங்கள் கட்டுப்பாட்டுக் குழுவை வைத்தே எல்லையை வரையுங்கள்.

ஒரே மாதிரியில் இரண்டு மூன்று வைரஸ், கூடவே ஒரு ஈ கோலை வருவதும் சகஜம். பெயர் தெரிந்ததை எல்லாம் கூட்டிப் பார்த்து மொத்தம் 100%ஐத் தாண்டிவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. தாண்டும், அதில் தப்பில்லை.

வகை பார்ப்பது

ரோட்டாவுக்கு இரண்டு பெயர் சேர்த்துச் சொல்வது வழக்கம்: விபி7 மரபணுவிலிருந்து ஜி, விபி4இலிருந்து பி. ஜி1பி[8], ஜி2பி[4], ஜி9பி[8] இப்படி. பல ப்ரைமர்களை ஒரே குழாயில் போட்டு இரண்டு சுற்று பிசிஆர் ஓட்டி, பட்டையின் நீளத்தைப் பார்த்து வகை சொல்லலாம், வகை பிடிபடாதவற்றை சாங்கர் சீக்வென்சிங்குக்கு அனுப்பலாம். ஆறேழு வாரக் குழந்தையிடம் ஜி9பி[11] வந்தால் புது வகை கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டாம். ரோட்டாவாக்கில் இருக்கும் 116இ என்ற வைரஸின் வகை அதுதான், அட்டையில் தேதியைப் பாருங்கள், போன வாரம்தான் சொட்டு போட்டிருப்பார்கள். அந்த 116இயே டெல்லியில் நோயில்லாத பச்சிளங்குழந்தையிடமிருந்து எடுத்தது என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

வகைகளின் வரிசை வருடத்துக்கு வருடம் தானாகவே மாறும், தடுப்பூசியே இல்லாத காலத்திலும் மாறிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வருடத் தரவை வைத்து "தடுப்பூசியின் அழுத்தத்தால் வகை மாறியது" என்று எழுதினால் மதிப்பாய்வாளர் சரியாகவே கடிப்பார்.

நோரோவில் ஒரு நீண்ட துண்டை எடுத்துப் பாலிமரேஸ் வகை, உறை வகை இரண்டையும் சொல்வதுதான் இன்றைய நடைமுறை, ஜிஐஐ.4[பி16] என்பதுபோல. நெதர்லாந்து ஆட்கள் உருவாக்கிய வகைப்படுத்தும் கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, சீக்வென்ஸைப் போட்டால் வகை வந்துவிடும்.

திடீரென்று ஹாஸ்டலில் பரவினால்

மேலே சொன்ன நிதானம் எல்லாம் இங்கே செல்லாது, வேகம் வேண்டும். 2021 நவம்பரில் வயநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு நோரோ உறுதியானது நினைவிருக்கலாம். அப்படி ஒரு அழைப்பு வந்தால் நோய் தொடங்கி 72 மணி நேரம் தாண்டாதவர்களில் குறைந்தது ஐந்து பேரிடம் மலம் எடுங்கள், இரண்டு பேரிடம் நோரோ வந்தால் போதும், எல்லோரையும் சோதிக்கத் தேவையில்லை. லேப் முடிவு வருவதற்கு முன்பே கப்லான் அளவுகோலை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம்: பாதிப் பேருக்கு மேல் வாந்தி, தொற்றியதிலிருந்து சராசரியாக 24 முதல் 48 மணி நேரத்தில் அறிகுறி, 12 முதல் 60 மணி நேரத்தில் சரியாகிவிடுவது, பாக்டீரியா எதுவும் கிடைக்காதது. நான்கும் பொருந்தினால் நோரோ என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்லலாம். பொருந்தாவிட்டால் நோரோ இல்லை என்று சொல்லிவிட முடியாது, மூன்றில் ஒரு பங்கு நோரோ பரவல்கள் இந்த வலையில் விழாது.

யார் எந்த மணிக்கு நோய்ப்பட்டார்கள் என்ற வரைபடத்தை அன்றே போடுங்கள், ஒரே கூர்முனை என்றால் ஒரு வேளைச் சாப்பாடு அல்லது தண்ணீர் மேல் சந்தேகம், அலை அலையாக என்றால் ஆளுக்கு ஆள். நோய் வராதவர்களிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். எல்லா நோயாளியும் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கலாம், அன்றைக்கு நலமாக இருப்பவர்களும் அதையேதான் சாப்பிட்டிருப்பார்கள். சமையல்காரரின் மலத்தில் நோரோ வந்தாலும் அவர்தான் பரப்பினார் என்று ஆகாது, அவரும் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டவர். வேலையை விட்டுத் தூக்கும் அளவுக்கு நிர்வாகம் போகும் முன் இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

எழுதும்போது

மருத்துவமனைக்கு வந்த பேதிக் குழந்தைகளில் 30% ரோட்டா என்றால் அதை அப்படியே எழுதுங்கள், "எங்கள் மாவட்டத்தில் ரோட்டா பரவல் 30%" என்று மாற்றாதீர்கள். மாவட்டத்துக் குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பேதி வந்தது, எத்தனை பேர் உங்கள் மருத்துவமனைக்கு வராமல் தனியார் கிளினிக்குக்குப் போனார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை யாரும் சொல்ல முடியாது. சேர்க்கத் தகுதி இருந்தவர்கள் எத்தனை, மறுத்தவர்கள் எத்தனை, மாதிரி கிடைக்காதவர்கள் எத்தனை என்று ஒரு படம் போடுங்கள். வார இறுதியில் மாதிரியே எடுக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

சீக்வென்ஸ்களை ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது மாதிரி எடுத்த தேதி, மாநிலம், குழந்தையின் வயது மாதத்தில் ஆகியவற்றைச் சேருங்கள், பெயரோ வார்டு எண்ணோ கூடாது. இவை இல்லாத சீக்வென்ஸை ஐந்து வருடம் கழித்து எடுத்து வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கட்டுரை வெளிவருவதற்குக் காத்திருக்காமல், மாதாமாதம் எத்தனை பாசிட்டிவ் என்ற எண்ணை வார்டு டாக்டருக்கும் மாலை நேரத்தில் டப்பா எடுத்துக் கொடுத்த நர்ஸக்காவுக்கும் ஒரு பக்கத்தில் அனுப்புங்கள், அடுத்த மாதம் மாதிரி வரத்து எப்படி ஏறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.